ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை

மார்ச் 4
புற்றுநோய் ஆய்வுக்காக இன்று ஏழு வீடுகளில் கேள்வித்தாள் நிரப்பினேன். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை காபி? கிரீன் டீ உண்டா? ஆற்றிக் குடிப்பீர்களா, கொதிக்கக் கொதிக்கவா? கடைசி வீட்டில் ஒரு தையல்காரம்மா, தொண்டையில் கட்டி எடுத்தவர். "உண்மையைச் சொல்லும்மா, காபிதான் என்னை இப்படிப் பண்ணிச்சா?" நாங்கள் பதில் சொல்லக் கூடாது. கேட்க மட்டும்தான்.

அக்கா உயிரோடு இருந்தபோது அவளிடம் மட்டும் எல்லாம் தெரிந்தவள் போலப் பேசினேன்.

மார்ச் 5
எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வாசனை. அடுக்களையில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போலத் தோன்றுகிறது. திரும்புவதில்லை.

மார்ச் 9
எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு ஈரலில் புற்று என்று தெரிந்ததும் காபிப் பொடியைக் குப்பையில் கொட்டியவள் நான். யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, தினமும் நான்கு வேளை கிரீன் டீ. "வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்குடி" என்பாள். ஆனாலும் குடிப்பாள். எனக்காகத்தான் குடித்தாளோ?

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அக்கா மகள் எனக்குத் தெரியாமல் காபி வாங்கி வந்து கொடுத்தாள். பார்த்துவிட்டேன். "பெத்தவளுக்கு நீயே விஷம் வைக்கிறியா?" வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பதினோராம் நாள் அக்கா போய்விட்டாள். மகள் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

மார்ச் 17
ஆய்வு டாக்டரிடம் கேட்டே விட்டேன், வேறு யாருக்காகவோ கேட்பது போல. "காபியால ஈரல் புற்று வரும்னு ஆதாரம் இல்லைம்மா. குடிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் வருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. கிரீன் டீ குணப்படுத்தும்னும் யாரும் நிரூபிக்கல. எதையும் ரொம்பச் சூடாக் குடிக்காம இருந்தா உணவுக்குழாய்க்கு நல்லது." தலையாட்டினேன். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 18
அப்படியானால் அந்த ஒரு வாய்க் காபி — அதையும் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொட்டினேனே. பாவி.

மார்ச் 23
அக்கா மகள் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன். "நீ கொடுத்த காபியால ஒண்ணும் ஆகலை. தப்பு என்னோடது."

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "இத்தனை நாளா நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன், சித்தி."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு எத்தனை காப்பி?" என்றாள். நகல்தான். ஆனாலும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

ஏப்ரல் 2
அதே தெருவில் இரண்டாம் சுற்று, ஆறு வீடு. தையல்காரம்மா வீடு பூட்டிக் கிடந்தது.

ஏப்ரல் 11
அக்கா மகளிடமிருந்து செய்தி. "எனக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை. தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

அறிவுரை ஒன்றும் எழுதவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.