எது திறம் என்று கேட்கிறார்கள், அண்ணை

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நெஞ்சு எரிகிறது. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த அரபு நாட்டில், அல் ஐனில், நான் வேலை செய்யும் கடையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கூடாரம், தூண்டில், வேட்டைத் துவக்கு எல்லாம் விற்கிற கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துவக்குகளும் இருக்கும். அனுமதிப் பத்திரம் உள்ள உள்ளூர்க்காரர் மட்டும் வாங்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விருப்பம். ஒருவருக்குக் கறுப்புப் பிடிக்காது, வெள்ளி நிறம்தான் வேண்டும். இன்னொருவருக்குக் கைபிடியில் சிப்பி பதித்திருக்க வேண்டும். பைக்குள் போட்டால் புடைத்துத் தெரியக்கூடாது என்பார் மற்றவர். ரிவோல்வரா பிஸ்டலா என்று நண்பர்கள் இரண்டு பேர் தேநீர் ஆறும்வரை வாதாடுவார்கள். எனக்கு அது சப்பாத்துக் கடை மாதிரித்தான் இருந்தது.

பிறகு தந்தி வந்தது. நீங்கள் பொறுப்பாக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையின் கதவைத் திறக்கும்போது உங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று. துவக்குத் தூக்கிய இயக்கப் பெடியங்கள் மா மூட்டை ஏற்றும் லொறியைக் கேட்டார்களாம். "இது சனத்தின்ரை லொறி, தரமாட்டன்" என்றீர்களாம். ஒரு லொறிக்கா, அண்ணை? ஒரு பழைய லொறிக்கா?

செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டகத்தில், முதலாளி வெளிநாட்டில்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து ரூம் குகனும் வந்திருந்தான். உங்களோடு பந்தடித்த அதே குகன்தான்.

"அண்ணையைச் சுட்டது சின்னக் கைத்துவக்காம். ஒரே வெடியாம். நல்ல சாமானாத்தான் இருக்கும்" என்றான். "நீ கடையில நிக்கிறாய், சொல்லு பாப்பம், எது திறம்? எனக்கெண்டால் ரிவோல்வர்தான் விருப்பம்."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"எழும்படா" என்றேன்.

"என்ன மச்சான், சும்மா கேட்டனான்."

"நீ சும்மா கேட்டாய். அங்கை அண்ணி ரெண்டு பிள்ளையளோடை குந்தியிருந்து அழுகிறா. எழும்பி வெளியாலை போ!"

போனான். இருந்தவர்கள் என்னைத்தான் அடக்கினார்கள். "அவன் பகிடிக்குச் சொன்னவன், விடு" என்றார் ஒருவர். பகிடியா? உங்கள் உடம்பில் பட்ட வெடி இவர்களுக்கு ஒரு சாமானின் தரமா?

மறுநாள் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். நான் எடுத்துக் கொடுத்த இரண்டு பிஸ்டல்களைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, நட்பாகத்தான் கேட்டான்: "பாய், உனக்கு எது பிடிக்கும்?"

"இரண்டும் பிடிக்காது" என்றேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த முதலாளி எழுந்து வந்தார். "என்ன சொன்னாய்?"

எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்: "என் அண்ணனைக் கொன்றது இப்படி ஒன்றுதான். இனி இந்தப் பெட்டியைத் திறக்கமாட்டேன்."

அந்த இளைஞன் கையை எடுத்துக்கொண்டான். உங்களுக்காக மெல்ல ஏதோ பிரார்த்தித்துவிட்டு, வாங்காமலே போய்விட்டான். முதலாளிக்கு முகம் சிவந்தது. "கலாஸ்! பிஸ்டல் மாஃபி, கடையும் மாஃபி. யல்லா, கோடவுனுக்குப் போ!" எனக்கு இனிப் பிஸ்டலும் இல்லை, கடையும் இல்லையாம்.

என்னை ஊருக்கே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அனுப்பவில்லை. இப்போது தகரக் கொட்டகைக்குள் கூடாரம் அடுக்குகிறேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஆனாலும் எது பிடிக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஊரிலிருந்து வந்த பேப்பரில் 'இனந்தெரியாதோர்' என்று போட்டிருந்தது. இனம் தெரியாதா? அண்ணி போனில் சொன்னா, சுட்டவன் உங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவனாம். அவன் பேரைச் சொல்லிவிட்டு உடனே அழுதா: "வெளியிலை சொல்லிப்போடாதை தம்பி, பிள்ளையள் இருக்குதுகள்." ஊரே அறிந்த பேரை ஊரே விழுங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அடுத்த லீவுக்கு வருவேன், அண்ணை. முதலில் அண்ணியையும் பிள்ளைகளையும் கடல் தாண்டித் திருச்சியில் மாமி வீட்டில் கொண்டுபோய் விடுவேன். பிறகு தனியே திரும்பி வந்து, பட்டப்பகலில், சங்கக்கடை வாசலில் சனம் வரிசையில் நிற்கும்போது, அவன் பேரையும் அவனுடைய தகப்பன் பேரையும் உரக்கச் சொல்லுவேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

உங்களுக்கு இருந்த ஒரே தம்பி,
சிவம்