சிவப்பும் நீலமும் ஒரே துணியில்

ரோஸ் ஹில்,
18 செப்டம்பர் 1966

மிக அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நம் தீவை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி ஏழு வாரம் ஆகிறது. வந்தது ஒரே கடிதம். அதுவும் பிரெஞ்சில், வீட்டுக்கெல்லாம் சேர்த்து. உங்கள் அண்ணி ஜினெட் அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். "சௌந்தரத்தை விசாரித்ததாகச் சொல்லவும்" என்ற வரி வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். இனி எனக்குத் தனியாக, தமிழில் எழுதுங்கள். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த நாம் இரண்டு பேர்தான். உங்கள் பிழைகளுக்கு நான் சிரிக்க மாட்டேன். என் பிழைகளுக்கு நீங்கள் சிரிக்கலாம், எனக்குக் கேட்காது.

எதிர்வீட்டு மார்லெனும் நானும் அவள் முன்னறையில் தையல் ஆரம்பித்துவிட்டோம். பள்ளிச் சீருடை தைத்து அலுத்துப்போய், போன மாதம் ஒரு காரியம் செய்தேன். தரைக்கு விரித்ததில் மிஞ்சிய லினோலியத் துண்டைக் கத்தியால் செதுக்கி அச்சாக்கி, வெள்ளைக் காடாத் துணியில் சேம்பு இலை பதித்தேன். சின்ன இலை இல்லை. மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே இலை, மஞ்சளும் கரும்பச்சையுமாக. அத்தை பார்த்துவிட்டு "கி ரோப் சா?" என்று கேட்டார்கள். இதெல்லாம் ஒரு உடையா என்று அர்த்தம். மேசைவிரிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் மார்லென் அதை அணிந்து சந்தைக்குப் போய்வந்தாள். மூன்று பெண்கள் பின்னாலேயே வந்து எங்கே தைத்தது என்று கேட்டார்களாம்.

அந்தத் துணியில் ஒரு துண்டு இதோடு வைத்திருக்கிறேன். கழுத்துக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. கையில் இருக்கட்டும்.

சாயங்காலம் ஐந்தேகால் பஸ் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போகிறேன். பிறகுதான் ஞாபகம் வருகிறது.

உங்கள்
சௌந்தரம்

*

சர்ரே, இங்கிலாந்து,
20 நவம்பர் 1966

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதுவும் நல்லதுதான். இரண்டு மணி நேரம் உன்னோடு இருந்த மாதிரி.

நர்ஸ் பயிற்சி கடினமில்லை, குளிர்தான் கடினம். மனநோயாளிகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். சுவர் சாம்பல், கம்பளி சாம்பல், ஜன்னலுக்கு வெளியே வானமும் அதே. உன் துணியை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கூட இருக்கும் பையன்கள் ஏதாவது நாட்டுக் கொடியா என்று கேட்டார்கள். என் பெண்டாட்டி செய்தது என்றேன். அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

போன ஞாயிறு லண்டன் போனேன். ஒரு கடையின் கண்ணாடிக்குள் உடம்பு முழுக்க ஆரஞ்சு வட்டம் வட்டமாகப் போட்ட உடை. இன்னொன்றில் கறுப்பு வெள்ளைக் கோடு, பார்த்தாலே தலை சுற்றுகிறது. உன் வயதுப் பெண்கள்தான் வரைகிறார்களாம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உள்ளே போய்த் துணியைத் தடவிப் பார்த்து, மடிப்பைப் புரட்டி, கடைக்காரியோடு சண்டையும் போட்டிருப்பாய். நான் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் அது லண்டன். நாம் இருக்கப்போகும் ஊரில் அப்படி யாரும் உடுத்துவதில்லை. இங்கே மனைவியரை வரவழைத்துக்கொண்டவர்கள் வீட்டில், அந்தப் பெண்களுக்குக் குளிர்கோட்டுக்கு உள்துணி தைக்கும் வேலை கிடைக்கிறது. அதைக் கொஞ்சம் பழகிக்கொள். அடுத்த வருடக் கடைசியில் உன்னை வரவழைத்துவிடுவேன்.

உன்
வேலாயுதம்

*

ரோஸ் ஹில்,
23 ஜூலை 1967

அன்புள்ள உங்களுக்கு,

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

உடை வரையும் இளசுகள் ஐந்து பேர் சேர்ந்து இங்கே ஒரு அரங்கில் உடைக்காட்சி வைத்தோம். கியூர்பிப் ஊர்க்காரன் அலான் செய்தது முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். ஒதில் ஆரஞ்சைத் தவிர வேறு நிறம் தொடமாட்டாள். மார்லெனும் நானும் ஒன்பது உடை செய்திருந்தோம். கடைசி உடைதான் என் உயிர். கடல்நீலத் துணியில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்புச் செம்பருத்தி. பன்னிரண்டு முறை அச்சுப் பதித்தேன்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, சிவப்பு ஒரு கட்சி, நீலம் எதிர்க்கட்சி என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை என்றால் நம்புவீர்களா? நதின் என்ற பெண் அதை அணிந்து மேடைக்கு வந்தாள். முதலில் கைதட்டல். பிறகு இடதுபக்கத்தில் சிலர் ஊளையிட்டார்கள், வலதுபக்கத்தில் பதிலுக்கு. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "கி பார்த்தி சா?" என்று கேட்டார். இது எந்தக் கட்சி? நதின் மேடை நடுவிலேயே நின்றுவிட்டாள். மார்லென் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து நின்று, "பா பார்த்தி, மிஸ்யே. ஃப்ளேர்," என்றாள். கட்சி இல்லை ஐயா, பூ.

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை மார்லென் வீட்டு ஜன்னலில் தார் பூசியிருந்தது. பூசியது சிவப்புக் கட்சிக்காரர்களா நீலக் கட்சிக்காரர்களா தெரியாது. இரண்டு பக்கத்து வாடிக்கைக்காரர்களும் வரவில்லை. உங்கள் அண்ணன் என்னை எதிர்வீட்டுக்குப் போகாதே என்கிறார். மார்லென் புருஷன் அவளிடம் அதையே சொல்கிறார். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோக எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அவள் என்னிடம் அதைச் சொல்லும்போது தார் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். காட்சி முடியும்வரை அது காலியாகவே இருந்தது. தெரிந்துதான் வைத்தேன்.

சௌந்தரம்

*

சர்ரே,
15 அக்டோபர் 1967

அன்புள்ள சௌந்தரம்,

இரண்டு அறை கிடைத்துவிட்டது. சமையலுக்கு ஒரு மூலை, கிழக்குப் பார்த்த ஜன்னல். வீட்டுச் சொந்தக்காரியைக் கேட்டு ஒரு சுவருக்கு மஞ்சள் பூசினேன். உனக்குப் பிடித்த மஞ்சள்தானா தெரியாது. டப்பாவில் ஒரு நிறம், சுவரில் ஒரு நிறமாக இருக்கிறது.

ஜனவரி 27 கப்பலுக்கு உன் பெயரில் இடம் பதிந்தாயிற்று. அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். ஊர் இருக்கும் நிலைமையில் இனி உன்னை அங்கே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. மார்லெனும் போகிறாள் என்றால் அங்கே உனக்கு என்னதான் இருக்கிறது?

ஒரு தட்டில் சாப்பிட்டுக் கழுவி வைத்து, மறுபடி அதே தட்டில் சாப்பிடுகிறேன். நேற்று இன்னொரு தட்டு வாங்கினேன்.

வேலாயுதம்

*

ரோஸ் ஹில்,
24 மார்ச் 1968

அன்புள்ள உங்களுக்கு,

"கலவரம், கப்பல் ஏற முடியவில்லை" என்று ஜனவரியில் தந்தி கொடுத்தேன். நீங்கள் அதை நம்பி, பத்திரமாக இரு, அடுத்த கப்பலில் வா என்று எழுதினீர்கள். ஒன்றரை மாதமாக அந்தக் கடிதத்தைப் படித்துப் படித்துப் பதில் எழுதாமல் இருந்தேன்.

தந்தியில் இருந்தது பொய்.

போர்ட் லூயியில் கலவரம் நடந்தது உண்மை. வழியெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் நின்றதும் உண்மை. ஆனால் பயணிகளை அவர்களே துறைமுகம்வரை கொண்டுபோய் விட்டார்கள். நானும் போனேன். என் பெட்டியைப் படகில் ஏற்றியும் விட்டார்கள்.

அங்கே ஒரு குமாஸ்தா தாளில் பெயர், வயது, ஊர் எழுதினார். தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே "கணவனிடம் செல்பவர்" என்று எழுதினார். நான் உடை வரைகிறவள், துணிக்கு அச்சுப் போடுகிறவள் என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, வயதானவர். சிரித்துக்கொண்டே, "லாபா ஊ பா பு பிசென் சா, மதாம்," என்றார். அங்கே உங்களுக்கு அது தேவைப்படாது அம்மா.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அங்கே நான் கோட்டுக்கு உள்துணி தைப்பேன். நன்றாகவே தைப்பேன். நீங்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் காத்திருப்பேன். சந்தோஷமாகவும் இருப்பேன், அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. பெட்டியை இறக்கச் சொன்னேன். உங்கள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மார்லென் நவம்பரிலேயே போய்விட்டாள். அவள் முன்னறையை நானே வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒதிலும் நதினும் கூட இருக்கிறார்கள். இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி நம் தீவுக்குச் சுதந்திரம் வந்தது. கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நான்கும் இருக்கிறது. ஜூலையில் என் செம்பருத்தியைப் பார்த்து எழுந்து போனவர்களில் சிலரே வந்து, சிவப்பும் நீலமும் சேர்த்து உடை வேண்டும் என்றார்கள். தைத்துக் கொடுத்தேன். மார்லென் பார்க்கவில்லையே என்று ஒவ்வொரு மடிப்பிலும் தோன்றியது. வடக்கே கிராண்ட் பே கடற்கரையில் புதிதாக ஒரு கடை சேம்பு இலை உடைகளைக் கேட்டிருக்கிறது.

அங்கே உனக்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் இருக்கிறது. உங்களைவிடப் பெரிது என்று சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு வந்தால் உங்களிடம் வந்து சேர்வது வேறு யாரோ ஒருத்தியாக இருக்கும்.

உங்கள் மேல் ஆசை குறைந்து இதைச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். படுக்கையில் இன்னும் என் பாதியில்தான் படுக்கிறேன்.

கோபப்படுங்கள். ஆனால் எழுதுங்கள்.

சௌந்தரம்

*

சர்ரே,
28 ஏப்ரல் 1968

சௌந்தரம்,

கோபப்பட்டேன். மூன்று வாரம் கோபமாகவே இருந்தேன். வார்டில் ஒரு கிழவர், "யாராவது செத்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை, ஒருத்தர் வரவில்லை என்றேன்.

இரண்டு அறையையும் விட்டுவிட்டு விடுதிக்கே திரும்பிவிட்டேன். சாமான்களைக் கட்டும்போது ஒன்று தோன்றியது. உன்னை எப்படி இங்கே கொண்டுவருவது என்று ஒன்றரை வருடம் யோசித்தேன். கோட்டுத் தையல், கப்பல், சுவரின் நிறம் என்று எல்லாம் யோசித்தேன். நான் திரும்பி வரலாம் என்ற யோசனை ஒரு நாள்கூட வரவில்லை. நம் ஊரிலும் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயும் நர்ஸ் வேண்டும்தான்.

பயிற்சி முடிய அடுத்த வருடம் செப்டம்பர் ஆகும். அதன் பிறகு வருகிறேன் என்று இன்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இந்தச் சம்பளமும் இந்தப் படிப்பும் எனக்கும் பிடித்திருக்கிறது. உனக்கு அந்த முன்னறை எப்படியோ அப்படி. வர விரும்புகிறேன் என்பது மட்டும் இன்றைக்கு உண்மை.

பதினேழு மாதம் நீண்ட காலம். அதற்குள் உன் மனம் மாறினால் எழுது. என் மனம் மாறினால் நான் எழுதுகிறேன். எவ்வளவு வலித்தாலும் உள்ளதை எழுதுவோம்.

இங்கே இன்று வெயில் அடிக்கிறது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை.

வேலாயுதம்