ஒன்பது பாட்டும் ஒரு மலர்வளையமும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. சாலைக் கடைவீதியில் கணுக்கால் தண்ணீர். மல்லி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றியாயிற்று.

மதியம் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு கரமனைக்கு ஓட்டம். பிஜுவின் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் அவன் வீட்டு மாடியறை, சுவரெல்லாம் பழைய மெத்தை. வாசலிலேயே தன் மலையாளத் தமிழில் தடுத்துவிட்டான்.

“முத்து, ஆத்யம் ட்ரெஸ் மாத்து. கழிஞ்ச தவண ஒரு டேக் முழுக்க என்டெ தும்மலாக்கும்.”

மிளகாய் வத்தல் மொத்த வியாபாரியின் மகள் ராப் பாடினால் இதுதான். எம்.சி. வத்தல் என்ற பெயரும் அவன் வைத்ததே. மற்றவர்களுக்கெல்லாம் புலி, புயல், இடி. எனக்கு வத்தல்.

ஏழாவது பாட்டின் கடைசி டேக் முடிந்தது. ஆக, ஒன்பது பாட்டும் தயார். என் முதல் ஆல்பம்! திரும்பும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆல்பத்தின் பெயர் “ஆறுமுகம் அண்ட் சன்ஸ்”. எங்கள் கடைப் பலகையில் இருப்பது அதுவேதான். ஆறுமுகம் அப்பா. சன்ஸ் என்று யாரும் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே நம்பிக்கையோடு எழுதி மாட்டியது. பிறகு நான் ஒருத்தி மட்டும். பலகை அப்படியே.

ஏழாவது பாட்டு அதைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியாகி ஊர் கேட்பதற்கு முன் அப்பா கேட்டுவிட வேண்டும். இதுவரை என் பாட்டு ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. வேறு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்குப் பெரிதில்லை. இவர் கேட்க வேண்டும். பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில், மழை, வெயில்.

செய்ய வேண்டியவை: 1) போஸ்டர் 2) அப்பா 3) குடை ரிப்பேர்.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது. சமயம் பார்த்துப் போனேன்.

“அப்பா, ஒரு பாட்டு. நாலு நிமிஷம்தான்.”

“ஏட்டி, பல்லு உயிர எடுக்கு. இப்பம் பாட்டா? அதுவும் பேசுததத்தான பாட்டுங்குத. பேசுததுக்கு எதுக்கு ஸ்டூடியோ? இங்ஙன நின்னு பேசு.”

“சரி, பேசவா?”

“கஸ்டமர் வாராங்க, பாரு.”

யாரும் வரவில்லை.

போஸ்டர் வந்தது. பிஜு டிசைன். கடை லைசென்ஸில் இருந்த அப்பாவின் படம் நடுவில், கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் கறுப்புக் கட்டம். மேலே ஆறுமுகம் அண்ட் சன்ஸ். கீழே “ஜூன் 13, வெள்ளி, காலை 9 மணி”. அதற்கும் கீழே பொடி எழுத்தில் எம்.சி. வத்தல். கலர் வேண்டாமா என்றேன்.

“ப்ளாக் அண்ட் ஒயிட்டாக்கும் க்ளாஸ்” என்றான்.

ஒன்பது மணி அம்மா குறித்துக் கொடுத்தது. பத்தரைக்கு ராகுகாலமாம். ராகுகாலம் பார்த்து வெளியாகும் முதல் ராப் ஆல்பம் இதுவாகத்தான் இருக்கும்.

கடையடைத்த பிறகு நானும் பிஜுவும் சாலைக் கடைவீதி முழுக்க ஒட்டினோம். கரண்ட் போஸ்ட், சுவர், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குடை மறந்தேன்.

ஜூன் 11, புதன்

சிரிப்பா அழுகையா தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் பல் ஆஸ்பத்திரிக்கு. கடையை நான் திறந்தேன். தெருவில் எல்லாக் கடை ஷட்டரும் பாதி இறங்கியிருந்தது. இங்கே ஒரு வியாபாரி இறந்துபோனால் அப்படித்தான் செய்வார்கள். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு நானும் மரியாதையாக எங்கள் ஷட்டரைப் பாதி இறக்கினேன். என் அறிவே அறிவு.

சுமை தூக்கும் சசி அண்ணன் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

“மோளே… முதலாளி பெட்டெந்நு இங்ஙன போவும்னு நெனச்சில்ல.”

“ஆமா அண்ணா, திடீர்னுதான். ராத்திரி பூரா வலி.”

“கஷ்டப்பட்டாரோ?”

“ரொம்ப. ஆனா எடுத்துட்டா நிம்மதிதான?”

சசி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்து வியாபாரிகள் சங்கத்திலிருந்து நாலு பேர், பெரிய மலர்வளையத்தோடு. பின்னாலேயே எதிர்க்கடை பருப்பு ராஜாமணி அண்ணாச்சி. கைவண்டி நிறுத்தும் தகராறில் அப்பாவோடு பல வருடமாகப் பேச்சு இல்லாதவர். வந்து வத்தல் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதார். நெடி ஏறி அழுகை இரண்டு மடங்காயிற்று.

“வெள்ளிக்கெழம ஒம்பது மணிக்கா எடுக்கீக? அதுவரைக்கும் ஐஸ்ல வைக்கணுமேம்மா?”

அப்போதுதான் எதிர் கரண்ட் போஸ்டில் எங்கள் போஸ்டரைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், கறுப்புக் கட்டம், தேதி, நேரம். இந்த ஊரில் செத்தவர்களுக்கு ஒட்டுவது இதே போஸ்டர்தானே! பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை, பிஜுவுக்கும் தோன்றவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார். வாயில் பஞ்சு. ஐஸ் கட்டியைக் கன்னத்தில் வைத்து, வெள்ளைத் துண்டால் தாடையோடு உச்சந்தலையில் முடிச்சு. பிணத்துக்கு நாடிக்கட்டுக் கட்டிய அதே கோலம்.

ராஜாமணி அண்ணாச்சி மூட்டையை விட்டுவிட்டு சங்கத் தலைவரைக் கட்டிக்கொண்டார். சசி அண்ணன் “எந்தம்மே!” என்று கல்லாவுக்குப் பின்னால் பதுங்கினார். அம்மாதான் எல்லாரையும் அதட்டினாள்.

“என்ன கூட்டம்? பல்லு புடுங்குனா மாலையா?”

அப்பா மலர்வளையத்தைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேச முடியாது, இன்று முழுக்கப் பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. என் நல்ல காலம்.

வந்தவர்களுக்குத் திரும்பிப் போகவும் கூச்சம். எல்லாருக்கும் டீ சொன்னேன். ஆல்பம் என்று விளக்கினேன். சசி அண்ணன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

“எங்கில் ஒரு பாட்டு போடு மோளே. நாங்க அழுதது வெறுதே ஆவண்டா.”

ஏழாவதைப் போட்டேன். அப்பாவால் “கஸ்டமர் வாராங்க” என்று சொல்ல முடியாதே. நாற்காலியில் உட்கார்ந்தார்.

*போர்டுல இருக்கான், வீட்டுல இல்ல,*
*பொறக்காத அண்ணன் இன்னும் கடைய விட்டுப் போகல.*

கடைசி வரிகள்:

*சாலை பூரா கேட்டாச்சு, சந்து பொந்தும் விடல.*
*ஒரு பாட்டு, ஒத்தப் பாட்டு, அப்பா காதுல விழல.*

முடிந்தது. அப்பா ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினார். இன்னொரு தடவை.

இரண்டாம் தடவை முடிந்ததும் எழுந்து உள்ளே மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. பயம்.

ஜூன் 12, வியாழன்

தூறல். போஸ்டரையெல்லாம் சுரண்டியாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. மலர்வளையத்தை ராஜாமணி அண்ணாச்சி கேட்டு வாங்கிப் போனார், வேறு சாவுக்கு.

கடையில் நானும் அவரும் மட்டும். கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டே பேசினார்.

“பையன் பொறப்பான்னுதான் எழுதுனேன். அதுல நீ பொய் சொல்லல.”

நான் ஒரு மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

“நீ பொறந்தப்பம் மாத்தியிருக்கணும். நாளைக்கு, நாளைக்குன்னு விட்டேன். ஆரும் கேக்கவும் இல்ல. நீயும் கேக்கல.”

“இப்பம் கேட்டுட்டேன்லா.”

“ஆமா. ஊரக் கூட்டி, என்னயக் கொன்னு கேட்ட.”

சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “அந்தக் கடேசி வரி மட்டும் இனி செல்லாது. மாத்திரு.”

பிஜுவுக்கு போன். பாட்டையெல்லாம் நெட்டில் வெளியிட அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற வேண்டுமென்றால் ஆல்பத்தையே நிறுத்தி வேறு தேதி பார்க்க வேண்டும் என்றான். தள்ளிவைக்கலாம் என்றேன். உண்மையாகவே சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம்ட்டி. செத்தும் நாளத் தள்ளிப் போட்டான்னு சொல்வானுவ.”

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை. சரியாக ஒன்பதுக்கு ஆல்பம் நெட்டில் வந்துவிட்டது. அம்மா சூடம் காட்டினாள், செல்போனுக்கு.

பிஜு ஏழு தடவை போன். தெரு முழுக்க அவரவர் செல்போனில் என் குரல், கொஞ்சம் முன்பின்னாக. ராஜாமணி அண்ணாச்சி கடையில்தான் சத்தம் அதிகம். ஏழாவது பாட்டில் ஒரு பொய் இருக்கிறதே என்று பிஜுவிடம் புலம்பினேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றான்.

எப்படிக் கவனிக்காமல் இருப்பார்கள்? அப்பா காலையிலிருந்து கடைவாசலில் நிற்கிறார். வத்தல் வாங்க வருகிறவன், வழி கேட்கிறவன், ஒருத்தரையும் விடவில்லை.

“ஏழாவது பாட்டு, கடேசி வரி. அத மட்டும் நம்பாதீக. நான் ரெண்டு தடவ கேட்டேன்.”