தேசம்மா சொன்ன மஞ்சள்

பக்கத்து வீட்டில் பீரோவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். வாடை சன்னல் வழியே ஏறியதும் உன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. நீ இறந்த செய்தியைப் போன வாரம் பேப்பரில் பார்த்தேன். திருவொற்றியூரிலிருந்து உன் வீட்டுக்கு ஒரே பஸ்தான். நான் வரவில்லை. வர மனமில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

ராயபுரம் மருத்துவக் கல்லூரியில் நாம் படித்தபோது மருந்தியல் கூடம் முழுக்க இந்த வாடைதான். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. வகுப்பில் பெண்கள் குறைவு. உன்னையும் என்னையும் ஒரே மேசையில் போட்டார்கள். நீ பேர்போன டாக்டரின் மகள், காரில் வந்து இறங்குவாய். நான் மண்ணடியில் பருப்பு மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள். உருளையில் சுற்றும் தாளுக்கு மண்ணெண்ணெய்ப் புகை பிடித்துக் கரியேற்றுவது என் வேலை. தவளையின் இதயத்தில் கொக்கி மாட்டுவது உன் வேலை. அது துடிக்கத் துடிக்க, ஊசிமுனை கரியில் வெள்ளைக்கோடு கீறும். கோடு அழியாமலிருக்க வார்னிஷில் முக்கியெடுப்பதும் நான்தான். உன்னுடையது நேர்த்தியான கை. அதை இன்றும் மறுக்கமாட்டேன்.

டிஜிடாலிஸ் என்ற இதய மருந்தைச் சொட்டுவிட்ட நாளில் துடிப்பு முதலில் வலுத்தது. பிறகு கோடுகள் விலகி விலகி விழுந்தன. கடைசியில் இதயம் சுருங்கியபடியே நின்றுபோனது. "நாம சொன்ன இடத்துல நிக்குது பாத்தியா?" என்று சிரித்தாய். நானும்தான் சிரித்தேன். தவளை அல்லவா?

வார்டில் நமக்குச் சேர்த்துக் கொடுத்த நோயாளி தேசம்மா. காசிமேட்டில் மீன் விற்றவள், நம்மைவிடப் பத்து வயது மூத்தவளாயிருப்பாள். இதய வால்வு கெட்டு, கால் வீங்கி வந்தவளுக்கு அதே டிஜிடாலிஸைத்தான் வார்டுத் தலைமை டாக்டர், நம் சீஃப், குடிக்கும் மிக்சரில் எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் வாந்தி தொடங்கியது, நாடி தடுக்கித் தடுக்கி நடந்தது. கேஸ் விவாதத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் நம் இருவரிடமும் சொன்னாள்: "இன்னான்னு தெர்லமா, எல்லாம் மஞ்சளா கீது. வெள்ளை செவுருகூட மஞ்சா பூசினா மேரி கீது."

அந்த மருந்து மிஞ்சி நஞ்சாவதற்குப் பாடத்தில் படித்த அடையாளம் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. தாழ்வாரத்தில் உன்னை நிறுத்தினேன். "சீஃப் எழுதின டோஸ்டி. நாம போய் தப்புன்னு சொல்றதா?" என்றாய். தப்பென்று சொல்லவேண்டாம், அவள் சொன்னதைச் சொன்னால் போதும் என்றேன். தலையாட்டினாய்.

மறுநாள் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நிற்க, நீதான் கேஸைச் சொன்னாய். அழகான இங்கிலீஷ். வால்வைச் சொன்னாய், வீக்கம் வடிந்ததைச் சொன்னாய், மஞ்சளைச் சொல்லவில்லை. நான் குறுக்கிட்டுச் சொன்னேன். சீஃப் உன் அப்பாவின் சிநேகிதர். உன் பக்கம் திரும்பி, அப்படிச் சொன்னாளா என்று கேட்டார். இல்லை, நேற்றுத் தின்ற கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டுமே சொன்னாள் என்றாய். நமக்கு நடுவில் படுத்திருந்த தேசம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் குனிந்து தமிழில் கேட்கப் போனேன். அவள் வாய் திறக்குமுன் சீஃப் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

மிக்சர் நிறுத்தப்படவில்லை. அடுத்த நாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். நோயே கொன்றிருக்கலாம், மருந்துதான் கொன்றது என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அவளுக்கிருந்த ஒரு வாய்ப்பை நீ பறித்தாய். "ஏட்டி, எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "பாஸ் பண்ணணுமில்ல" என்றாய், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல். மெடலும் வாங்கினாய்.

அதையாவது பயம் என்று விட்டிருப்பேன். சில வருஷம் கழித்து டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் நீ பேசினாயே, அதைத்தான் விட முடியவில்லை. அதற்குள் நீ மருந்தியல் ஆசிரியை. மாணவப் பருவத்தில் ஒரு மீன்காரி மஞ்சள் தெரிகிறது என்றாளாம், நீ உடனே சீஃபிடம் சொன்னாயாம், மருந்தை நிறுத்தினார்களாம், அவள் பிழைத்து வீட்டுக்கு நடந்தே போனாளாம். கை தட்டினார்கள். வாசற்படியில் உன்னை மறித்தபோது உன் முகம் சுருங்கவேயில்லை.

"பாடம் நடத்தக் கதைடி. பசங்க மனசுல நிக்கணும்."

"அவ செத்துப்போனா. அதைச் சொன்னாலும் நிக்கும்."

கார்க்கதவைச் சாத்திக்கொண்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது.

உன் மாணவர்கள் இன்று எத்தனையோ ஊர்களில் நோயாளிகளிடம் மஞ்சள் தெரிகிறதா என்று கேட்பார்கள். உன் பொய்யால் சிலர் பிழைத்தும் இருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்மேல் உள்ள வெறுப்பு தணியவில்லை. நீ செத்த பிறகும் தணியவில்லை. இங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் வைத்தியத்துக்கு என்னிடம் வருகின்றன. சொல்லி முடிக்கும்வரை யாரையும் நான் இடைமறிப்பதில்லை. கூட்டம் கூடிவிட்டது என்று கம்பவுண்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.