நண்டுக்கறி இறங்காத மத்தியானம்

பிள்ளைக்கு,

நீ கம்பஸுக்குத் திரும்பிப்போய் ரெண்டு மாதமாச்சு. கொம்மாவோடை மட்டும் போனிலை கதைக்கிறாய். அது சரிதான்.

நீ போக முந்தி நடந்த மீன்பிடிச் சங்கக் கூட்டத்திலை, எங்கடை வலையளிலையிருந்து உதிருற பிளாஸ்ரிக்தான் கடற்புல்லுக்குள்ளை கிடக்குது எண்டு நீ சொன்னாய். எல்லாருக்கும் முன்னாலை, "உவள் பொய் சொல்லுறாள்" எண்டு கத்தினது நான்.

போன கிழமை நான் நண்டுவலை போடுற இடத்திலை ஒரு பிடி புல்லுப் பிடுங்கி, வெள்ளைப் பேசினுக்குள்ளை அலசினன். அடியிலை நீலத் தூள் படிஞ்சுது. அது என்ரை வலையின்ரை நீலம்.

அண்டு மத்தியானம் கொம்மா நண்டுக்கறி வைச்சவ. எனக்கு இறங்கேல்லை.

"என்னப்பா, உப்புக் கூடிப்போச்சோ?" எண்டு கேட்டா.

"ஓம்" எண்டிட்டன்.

வாற ஞாயிறு திரும்பவும் கூட்டம். நீ சொன்னது உண்மையெண்டு எழும்பிச் சொல்லப்போறன். கிழிஞ்ச வலையளை அந்தப் புல்லுக்குள்ளை எறிஞ்சவன் நானும்தான் எண்டும் சொல்லவேணும்.

நீ வந்து முன்னுக்கு இருந்தால் எனக்குச் சொல்ல வரும்.

அப்பா