செல்வியக்கா பிடித்து வைத்த பட்டயம்

சனி, ராத்திரி.

தூக்கம் வரவில்லை. தேனியில் இன்று எனக்குச் சால்வை போட்டு, பாராட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். ஏலத்தோட்டத் தொழிலாளிகளின் காலனியைக் காலி செய்யவிடாமல் கோர்ட்டில் தடை வாங்கினேனே, அதற்காக. மேடையை விட்டு இறங்கியதும் செல்வியக்காவுக்குப் போன் போட்டேன். வழக்கில் முதல் பெயர் அவருடையதுதான்.

"அக்கா, பட்டயம் கிடைச்சிருச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் போடிமெட்டு ஏறி உடும்பஞ்சோலையில் இறங்கினால், காலனியே ரோட்டில் நிற்கிறது. கேசரி வேறு கிண்டியிருக்கிறார்கள். இங்கே கேரளத்தில் பட்டயம் என்றாலே வீட்டு மனைக்குச் சர்க்கார் தரும் பத்திரம்தானே. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது உறைக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி, கண்ணாடி போட்ட பாராட்டுப் பட்டயத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அக்கா கண்ணாடிச் சட்டத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"கேசரி ஆறுது, சாப்பிடுங்க வக்கீலம்மா. இது எங்கிட்ட இருக்கட்டும். எங்க பட்டயத்தக் கொண்டாந்து குடுத்துட்டு, இத வாங்கிட்டுப் போங்க."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் கதவைத் திறக்கும்போது வாசலில் நான் நிற்பேன்.