அக்காவைத் திட்டுவது எப்படி

மார்ச் 4

இன்று மூன்று சாவு. மூவருமே அன்பானவர்கள், பண்பானவர்கள், அனைவருக்கும் இனியவர்கள். எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அதில் ஒரு மனுஷன், பக்கத்து வீட்டுக்காரரின் காற்றுக் குழாயில் திருட்டுத்தனமாக ஓட்டை போட்டுத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டவர். ஊருக்கே தெரியும். "பிறர் மூச்சைத் தன் மூச்சாகக் கருதியவர்" என்று எழுதிக் கொடுத்தேன். புகழுரைப் பிரிவின் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கிரகத்தில் என்னை விட்டால் இந்த வேலைக்கு ஆள் கிடையாது.

மார்ச் 9

அக்காவுக்கு நுரையீரல் முழுக்கச் செம்மண் தூசியாம். டாக்டர் சுற்றி வளைத்துக்கொண்டே இருந்தார். அக்கா நேராகவே கேட்டாள், அடுத்த மாதம் இருப்பேனா மாட்டேனா என்று. அவர் தரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "அவர் வாஷ்பேசின் ஒழுகுது, கவனிச்சியா?" என்றாள். குழாய் ரிப்பேர்க்காரிக்கு எந்த நேரத்தில் என்ன கண்ணில் படுகிறது பாருங்கள். அத்தான் மருந்துக் கடை வாசலில் திரும்பி நின்று அழுதார். மாத்திரை வாங்க வந்ததையே மறந்துவிட்டார்.

மார்ச் 10

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஜம்மென்று குறட்டை விடுகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மார்ச் 13

குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"நான் செத்தா உன் சர்க்கரைத் தண்ணியை என் காதுல ஊத்தாதே. முறையா திட்டி அனுப்பணும்."

இங்கே முதலில் குடியேறியவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டுதான் பிணம் புதைத்தார்கள். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கும், மூச்சு முட்டும், அழுதவரையும் சேர்த்துப் புதைக்க வேண்டி வரும். அதனால் அழாமல் திட்டினார்கள். கூட வாழ்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். பொய்யாக இருக்கக் கூடாது. புகழ்வது அந்நியர்கள் செய்கிற வேலை. திட்ட ஒருத்தரும் இல்லாமல் போகிறவர்தான் அநாதை.

அப்புறம் தாய்க்கிரகத்திலிருந்து கண்ணியவான்கள் கப்பலேறி வந்தார்கள். பிணத்தைப் பார்த்து யாராவது திட்டுவார்களா என்று முகம் சுளித்தார்கள். மரணக் கண்ணியச் சட்டம் வந்தது. இப்போது அஞ்சலி மண்டபத்தில் இயந்திரம் புகழ்கிறது, நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கும் மகராசி நான்தான்.

வேலை போகும், அரசாங்க வீடும் போகும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"போகட்டும். எங்க வீட்டுக்கு வந்துடு. நான்தான் இடத்தைக் காலி பண்றேனே."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

மார்ச் 15

ஒத்திகை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, திட்டிப் பாரு என்கிறாள்.

நீ பிடிவாதக்காரி என்றேன். "இது திட்டா? பதக்கம் குத்துற மாதிரி இருக்கு" என்றாள். ஓயாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய் என்றேன். அடுத்தது கைதட்டா என்று கேட்டாள். புகழ்ந்து புகழ்ந்து என் நாக்கு அழுகிப் போயிருக்கிறது. சரி, அத்தானாவது சொல்லட்டும் என்று பார்த்தால், "சில சமயம்... கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு வெந்நீர் எடுத்துவரப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல இவள் இடம் கொடுத்ததும் இல்லை.

சிரித்தாள், இருமினாள், சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் திட்டலைன்னா, நான் உங்க யாருக்கும் எதுவுமே இல்லைன்னு ஆயிடும்டி. அப்படி அனுப்பிடாதே."

சரி என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதற்கு என்ன, அது சுலபம்.

மார்ச் 22

அலுவலகப் படிக்கட்டில் மூக்கர் என்னைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலி மண்டபத்தின் கண்காணிப்பாளர் இவர்தான். கடைசி நாற்காலியில் ஒலிமானியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் குரலாவது உயர்ந்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும், மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு விசாரணை. தாய்க்கிரகத்து ஆள். இங்கத்துத் தூசி ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் மூக்கை உறிஞ்சுவதால் இந்தப் பெயர்.

"உங்க அக்கா எப்ப வருவாங்க? அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னாங்க. குழாய் இன்னும் ஒழுகுது."

போன மாதம் அவர் வீட்டுக் குழாயைக் கழற்றிப் புது வாஷர் போட்டபோது, இதற்கு யார் டேப் சுற்றியது என்று இவரையே அக்கா ஒரு பிடி பிடித்தாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். மூக்கை உறிஞ்சினார். அப்படியானால் அதுவரை வாளி வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல் இருந்தது.

ஏப்ரல் 2

போயிட்டா.

ஏப்ரல் 3

சொந்த அக்காவுக்கே புகழுரை எழுதும் பேறு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று தலைவர் வாழ்த்தினார். நல்லா இருங்க ஐயா.

எழுதினேன். அன்பானவர், அடக்கமானவர், பொறுமையின் வடிவம். கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகிறது.

பொறுமையாம். யாரு, அவளா? நான் குளிச்சிட்டு இருக்கும்போது வெளியே மெயின் வால்வை மூடுவா. தலை முழுக்க நுரையோட கத்துவேன். "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?"ம்பா. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தானேடி, மடச்சி! என் கல்யாணத்தன்னிக்குக்கூட மூடினியே! கண்ணுல சோப்போட மணமேடைக்கு வந்தேன், பொண்ணு அழுவுதுன்னு எல்லாரும் உருகினாங்க. இதை ஏண்டி உன் கட்டில்கிட்ட உட்கார்ந்திருந்தப்ப எனக்கு ஞாபகம் வரல?

ஏப்ரல் 4

மண்டபம் நிறைந்துவிட்டது. அக்காவுடன் வேலை செய்த குழாய்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூக்கர் தன் நாற்காலியில். இயந்திரம் என் வார்த்தைகளை என் அக்காவின் முகத்துக்கு நேராக ஓதிக்கொண்டிருந்தது. வேலை, வீடு, வேலை, வீடு என்று மனது அரற்றியது. அவ்வளவுதான், தலையாட்டியதோடு சரி, இவளை அநாதையாக அனுப்பப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அடக்கமானவர்" என்றது இயந்திரம்.

"அடக்கமா? இவளா?" என்றார் அத்தான்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவரே பயந்துவிட்டார். நான் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். அத்தான் பிணத்தின் பக்கத்தில் குனிந்தார். "ஒரு நாளாவது என்னை ஒரு பேச்சை முடிக்க விட்டியா நீ? இப்ப பேசறேன், கேளு" என்றார். பாவம், மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியவில்லை. நான் ஆரம்பித்தேன். வால்வு, நுரை, மணமேடை, ஒன்று விடாமல். குரல் எங்கிருந்து வந்ததோ! குழாய்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடன் வாங்கிய ஸ்பானரை எவருக்கும் திருப்பித் தந்ததே இல்லையாம்.

சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. மூக்கர் எழுந்தார். எல்லோரும் அடங்கினோம். ஒலிமானியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வந்து அக்காவின் காலடியில் நின்றார்.

"அடுத்த வாரம் வர்றேன்னீங்களே அம்மா. இன்னும் ஒழுகுது."

மூக்கை உறிஞ்சினார்.

ஏப்ரல் 11

விசாரணை. ஒலிமானி அன்று பழுது, தன் காதிலும் எதுவும் விழவில்லை என்று மூக்கர் சாதித்துவிட்டாராம். ஆனால் நான் பிடுங்கியதில் வயர் அறுந்தது அறுந்ததுதான். அரசாங்கச் சொத்துக்குச் சேதம். வீடு தப்பியது. வேலை மாறியது: குடிநீர்ப் பிரிவு, புகார் தொலைபேசி.

ஏப்ரல் 14

முதல் நாள். காலையிலிருந்து மாலை வரை ஊரே என்னைத் திட்டித் தீர்த்தது. யாரும் யாரையும் பண்பானவர் என்று சொல்லவில்லை. காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!

கடைசி அழைப்பு மூக்கருடையது. அனுப்ப ஆள் இல்லை. அக்காவின் பையை எடுத்துக்கொண்டு நானே போனேன். சின்ன வயதிலிருந்து அவள் கழற்றுவதைப் பார்த்தவள்தானே. திறந்து பார்த்தால், எங்கள் சூராதி சூரி வாஷரைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறாள்! அதனால்தான் இத்தனை நாளும் ஒழுகியிருக்கிறது. டேப் சுற்றியதற்கு அந்த மனுஷனை ஏசிவிட்டு வேறு வந்திருக்கிறாள்.

அடுப்படியிலேயே நின்று அவளை வாய்விட்டுத் திட்டினேன். மூக்கர் வாளியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.